பழைய நான்கு சக்கர இயக்க ஊர்தியின் விலை மதிப்பீடு

பழைய நான்கு சக்கர இயக்க ஊர்தியின் விலை மதிப்பீடு என்பது, பல ஆண்டுகள் பயன்படுத்தப்பட்ட ஜீப்பு போன்ற ஓர் ஊர்தியை வாங்கும்போது அதற்குத் தரத்தக்க நியாயமான விலை எவ்வளவு என்பதைச் சந்தை நிலவரம், ஊர்தியின் இயந்திர நிலை, ஆவணங்களின் நிலை ஆகியவற்றைக் கொண்டு கணிக்கும் முறை ஆகும். நான்கு சக்கரங்களுக்கும் பொறியின் ஆற்றலைச் செலுத்தவல்ல ஊர்தியே நான்கு சக்கர இயக்க ஊர்தி எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இது ஃபோர் வீல் டிரைவ் அல்லது ஃபோர் பை ஃபோர் என்று குறிப்பிடப்படும்.

சாதாரணத் தானுந்துகளின் விலையை வயதையும் ஓடிய தூரத்தையும் கொண்டு ஓரளவு கணித்துவிடலாம். நான்கு சக்கர இயக்க ஊர்திகளுக்கு இம்முறை போதாது. ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையில் உருவான இரண்டு ஜீப்புகளுள் ஒன்று நகரச் சாலையில் மட்டும் ஓடியிருக்கலாம். மற்றொன்று தோட்டப் பாதையிலும் ஆற்று மணலிலும் சுமையுடன் உழைத்திருக்கலாம். இவற்றின் உண்மையான மதிப்புகளுக்கிடையே பெரும் வேறுபாடு இருக்கும். இக்கட்டுரை இந்தியச் சந்தையை முதன்மையாகக் கொண்டு இம்மதிப்பீட்டை விளக்குகிறது.

பின்னணி

இரண்டாம் உலகப் போரின்போது 1941 முதல் பெருமளவில் உருவாக்கப்பட்ட வில்லிஸ் ஜீப்பு, சிறிய நான்கு சக்கர இயக்க ஊர்திகளின் முன்னோடி ஆகும். இதன் தாக்கத்தில் பிரித்தானியாவின் லேண்ட் ரோவர் 1948 இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. சப்பானின் டொயோட்டா நிறுவனம் பின்னர் லேண்ட் குரூசர் எனப் பெயர்பெற்ற ஊர்தியை 1951 இல் உருவாக்கியது.

இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1947 இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. அதன் வழிவந்த பல ஜீப்பு வகைகள் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு ஊரகச் சாலைகளிலும் அரசுத் துறைகளிலும் பயன்பட்டன. 1985 இல் மாருதி நிறுவனம் ஜிப்சி என்னும் பெட்ரோல் ஊர்தியை அறிமுகப்படுத்தியது. இதில் 1996 இல் 1.3 லிட்டர் பொறி பொருத்தப்பட்டது. டாட்டா சபாரி 1998 இலும், மகிந்திரா தார் 2010 இலும் விற்பனைக்கு வந்தன. தாரின் இரண்டாம் தலைமுறை 2020 இல் வெளியானது. இந்தியாவின் பழைய ஊர்திச் சந்தையில் ஜீப்பு வகைகள், ஜிப்சி, சபாரி, முதல் தலைமுறைத் தார் ஆகியவை பரவலாகக் கைமாறும் நான்கு சக்கர இயக்க ஊர்திகள் ஆகும்.

இவ்வூர்திகள் பலருக்கும் வாழ்வாதாரம் ஆகும். மேற்கு வங்காளத்தின் மானேபஞ்சன் ஊரிலிருந்து சந்தக்பூ மலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பழைய லேண்ட் ரோவர்கள் புகழ்பெற்றவை. தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பிலேயே பயணிகள் செல்கின்றனர். இத்தகைய பாதைகளில் ஊர்தி ஓட்டிப் பிழைப்பவர் தவறான விலைக்கு ஓர் ஊர்தியை வாங்கிவிட்டால் முதலை மட்டுமன்றி, ஊர்தி பட்டறையில் நிற்கும் நாள்களின் வருமானத்தையும் இழக்கிறார். செங்குத்தான சரிவில் பழுதாகும் ஊர்தி உயிருக்கும் கேடு விளைவிக்கும்.

விலையின் வகைகள்

ஒரே ஊர்திக்குப் பலவகையான விலைகள் கூறப்படுவதுண்டு. இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதே பல பிழையான மதிப்பீடுகளுக்குக் காரணம் ஆகும்.

கேட்பு விலை: விளம்பரத்தில் விற்பவர் குறிப்பிடும் தொகை. இது அவருடைய எதிர்பார்ப்பைக் காட்டுமே தவிர, ஊர்தி உண்மையில் என்ன விலைக்கு விற்கும் என்பதைக் காட்டாது. பல மாதங்களாக விற்காமல் இருக்கும் விளம்பரத்தின் விலை, சந்தை ஏற்காத விலை ஆகும்.

முடிவு விலை: பேரம் முடிந்து கைமாறிய தொகை. மதிப்பீட்டிற்கு இதுவே சிறந்த அடிப்படை. ஆயினும் இது வெளியில் தெரிவது அரிது. அண்மையில் அதே வகை ஊர்தியை வாங்கியவர்களையும், அவ்வகையைத் தொடர்ந்து பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளையும் கேட்டே இதை அறிய முடியும்.

வணிகர் விலை: பழைய ஊர்தி வணிகர் விற்கும் விலை. இதில் அவர் செய்த செப்பனிடும் செலவும், இலாபமும், சில வேளைகளில் உத்தரவாதமும் அடங்கும். உத்தரவாதம் எதுவும் இல்லையெனில் வணிகர் விலைக்கும் தனியார் விலைக்கும் உள்ள வேறுபாட்டை ஏற்க வேண்டிய காரணம் குறைவு.

காப்பீட்டு மதிப்பு: காப்பீட்டு ஆவணத்தில் காணப்படும் தொகை. இது களவு அல்லது முழு அழிவின்போது இழப்பீட்டுக்கு அடிப்படையாக அமைவது. சந்தை விலை அன்று.

உடைப்பு மதிப்பு: ஊர்தியைப் பிரித்து உதிரிகளாகவும் இரும்பாகவும் விற்றால் கிடைக்கும் தொகை. பழைய நான்கு சக்கர இயக்க ஊர்திகளின் அச்சு, பற்சக்கரப் பெட்டி முதலியவற்றுக்குத் தனித்த தேவை இருப்பதால், இம்மதிப்பு சாதாரணத் தானுந்தைவிட உயர்ந்து நிற்பதுண்டு. எந்த ஊர்தியின் விலைக்கும் இதுவே கீழெல்லை எனலாம்.

தேய்மானமும் அதன் எல்லையும்

இந்தியாவில் காப்பீட்டு மதிப்பைக் கணிக்க ஒரு தேய்மான அட்டவணை பின்பற்றப்பட்டு வந்துள்ளது. அதன்படி ஆறு மாதத்திற்கு உட்பட்ட ஊர்திக்கு 5 விழுக்காடும், ஓராண்டு வரை 15 விழுக்காடும், இரண்டாண்டு வரை 20 விழுக்காடும், மூன்றாண்டு வரை 30 விழுக்காடும், நான்காண்டு வரை 40 விழுக்காடும், ஐந்தாண்டு வரை 50 விழுக்காடும் கழிக்கப்படும். ஐந்தாண்டைக் கடந்த ஊர்திகளின் மதிப்பைக் காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

ஐந்தாண்டுக்குப் பின் அட்டவணை நின்றுவிடுவது கவனிக்கத்தக்கது. அதன்பின் மதிப்பைத் தீர்மானிப்பதில் வயதைவிட நிலையே பெரும்பங்கு வகிக்கிறது. பத்து வயது ஊர்திக்கும் பதினைந்து வயது ஊர்திக்கும் இடையே வயதால் ஏற்படும் விலை வேறுபாடு சிறிதாகவும், பராமரிப்பால் ஏற்படும் வேறுபாடு பெரிதாகவும் இருக்கக்கூடும். உற்பத்தி நின்றுபோன சில வகைகளுக்குத் தேவை குறையாதபோது விலை வீழ்ச்சி நின்று, சில வேளைகளில் ஏறவும் செய்கிறது.

தகவல் சமமின்மை

விற்பவர் தம் ஊர்தியின் குறைகளை அறிவார், வாங்குபவர் அறியார். அமெரிக்கப் பொருளியலாளர் சார்ச்சு அக்கர்லாஃப் 1970 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் பழைய தானுந்துச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்நிலையை விளக்கினார். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாத வாங்குபவர், இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு விலையையே தர முன்வருவார். அவ்விலை நல்ல ஊர்தியை வைத்திருப்பவருக்குக் கட்டாது. எனவே அவர் சந்தையை விட்டு விலகுவார். எஞ்சுபவற்றில் கெட்டவற்றின் பங்கு கூடும். வாங்குபவர் தரும் விலை மேலும் குறையும். தகவல் சமமின்மை பற்றிய ஆய்வுகளுக்காக அக்கர்லாஃப், மைக்கேல் சுபென்சு, சோசப்பு சிடிக்லிட்சு ஆகிய மூவருக்கும் 2001 இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு வழங்கப்பட்டது.

இக்கோட்பாட்டிலிருந்து நடைமுறைக்குரிய இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஆய்வுக்குச் செலவிடும் பணம் வீண் அன்று. அது வாங்குபவரின் அறியாமையைக் குறைக்கிறது. இரண்டாவது, பராமரிப்புச் சீட்டுகளையும் ஆவணங்களையும் ஒழுங்காகக் காட்டி, விரும்பிய மெக்கானிக்கைக் கொண்டு ஆய்ந்துகொள்ள இசையும் விற்பவரின் ஊர்திக்குச் சற்றுக் கூடுதல் விலை தருவது அறிவுடைமையே ஆகும்.

ஊர்தியின் நிலையை ஆய்தல்

சட்டகம்

பழைய நான்கு சக்கர இயக்க ஊர்திகளில் பெரும்பாலானவை ஏணி வடிவச் சட்டகத்தின் மீது கூடு பொருத்தப்பட்டவை. கூட்டின் துருவை டிங்கரிங் செய்து பட்டி பார்த்து வண்ணம் பூசி மறைத்துவிடலாம். அதனால் பெரும் ஆபத்து இல்லை. சட்டகம் துருப்பிடித்தால் ஊர்தியின் முதுகெலும்பே பழுதாகிவிட்டது எனலாம். வில்பட்டைகள் சட்டகத்துடன் இணையும் இடங்கள், திருப்புப் பெட்டி பொருத்தப்பட்ட இடம், குறுக்குச் சட்டங்களின் இணைப்புகள் ஆகியவற்றில் சேறு தங்கித் துரு தொடங்கும். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டும்போது கணீரென்ற ஒலிக்கு மாறாக மொத்தென்ற ஒலி எழுந்தால் உள்ளே உலோகம் அரிக்கப்பட்டிருக்கலாம். கடலோரத்தில் ஓடிய ஊர்திகளில் இது கூடுதலாகக் காணப்படும். விற்பனைக்குச் சற்று முன்னர் அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கரும்பூச்சு பூசப்பட்டிருந்தால் ஐயப்பட இடமுண்டு.

பொறி

பொறியைக் குளிர்ந்த நிலையில் இயக்கிப் பார்த்தல் வேண்டும். வாங்குபவர் வருமுன்னரே விற்பவர் பொறியைச் சூடாக்கி வைத்திருந்தால், இயக்கத் தொடக்கத்திலுள்ள குறை மறைக்கப்பட்டிருக்கலாம். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் குறிக்கும். சூடேறிய பின்னரும் தொடரும் வெண்புகை, குளிர்விப்பு நீர் பொறிக்குள் கசிவதையோ டீசல் முழுமையாக எரியாததையோ குறிக்கலாம். கரும்புகை, காற்றுக்கு மிஞ்சிய எரிபொருள் செல்வதைக் காட்டும். டீசல் பொறி ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அழுத்தத்துடன் புகை வெளியேறுமானால், உந்துதண்டு வளையங்களும் உருளையும் தேய்ந்திருக்கின்றன எனக் கொள்ளலாம். உருளைகளின் அழுத்தத்தைக் கருவியால் அளப்பது இதை உறுதிசெய்யும்.

நான்கு சக்கர இயக்க அமைப்பு

இவ்வகை ஊர்தியின் விலைக்குரிய சிறப்புக் காரணம் இவ்வமைப்பே. ஆகவே இது இயங்குகிறதா என்பதைச் சோதிக்காமல் விலை பேசுவது பொருளற்றது. பழைய ஊர்திகள் பலவற்றிலும் தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களை இணைக்கும் பகுதிநேர அமைப்பே உள்ளது. கியர்ப் பெட்டியை அடுத்து அமைந்து, ஆற்றலை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்தனுப்பும் பெட்டியை மெக்கானிக்குகள் டிரான்ஸ்பர் கேஸ் என்பர். இதில் உயர் விகிதம், தாழ் விகிதம் என இரு நிலைகள் பொதுவாக உண்டு.

சோதனையை மணல், புல்தரை அல்லது ஈரமண்ணில் செய்ய வேண்டும். திருப்பத்தில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள்கின்றன. பகுதிநேர அமைப்பில் இவ்வேறுபாட்டை ஈடுசெய்யும் வழி இல்லாததால், உலர்ந்த தார்ச்சாலையில் இணைத்து ஓட்டினால் பற்சக்கரங்களில் முறுக்கம் ஏறிப் பழுது ஏற்படக்கூடும். சோதனையின்போது பின்வருவன கவனிக்கப்படும்.

1. நெம்புகோல் இரு விகிதங்களிலும் சரியாக விழுகிறதா, சுமையேறும்போது தானே விடுபடுகிறதா என்பது.
2. முன் புரொப்பல்லர் தண்டு இருக்கிறதா என்பது. ஒலியையும் எரிபொருள் செலவையும் குறைப்பதற்காக இதைக் கழற்றி வைத்துவிடும் உரிமையாளர்கள் உண்டு.
3. முன்சக்கரக் குடங்களில் பூட்டும் அமைப்பு இருந்தால் அது இருபுறமும் பூட்டித் திறக்கிறதா என்பது.
4. டிஃபரன்ஷியல் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கிறதா என்பது. அவ்வாறு இருப்பின் ஆழமான நீரில் ஊர்தி இறங்கியதால் நீர் புகுந்துள்ளது எனலாம். எண்ணெயில் உலோகத் துகள்கள் மின்னினால் பற்சக்கரங்கள் தேய்கின்றன.

அச்சும் திருப்பு அமைப்பும்

முன் அச்சின் இரு முனைகளிலும் சக்கரம் திரும்பும் மூட்டுகளில் உள்ள தாங்கிகள் தேய்ந்தால், குறிப்பிட்ட வேகத்தில் திருப்புச் சக்கரம் கட்டுக்கடங்காமல் அதிரும். சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி மேலும் கீழும் பிடித்து அசைத்தால் தேய்வு புலப்படும். மூட்டுகளிலிருந்து மசகு ஒழுகுதல், வில்பட்டைகள் முறிந்திருத்தல், புரொப்பல்லர் தண்டின் மூட்டுகள் கியர் மாற்றும்போது டக்கென ஒலித்தல் ஆகியவையும் விலையைக் குறைக்கும் காரணங்கள் ஆகும்.

டயர்களும் ஓடிய தூரமும்

டயரின் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்க எண், அது உருவான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். எடுத்துக்காட்டாக 2319 என்பது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். பற்கள் ஆழமாக இருந்தாலும் மிகப் பழைய டயர் இறுகி வெடிப்புற்றிருக்கும்.

ஓடோமீட்டர் காட்டும் தூரத்தைப் பழைய ஊர்திகளில் அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாது. அது பழுதாகி நின்றிருக்கலாம் அல்லது திருத்தப்பட்டிருக்கலாம். மிதிகளின் தேய்வு, இருக்கையின் நிலை, பழைய பராமரிப்புச் சீட்டுகளிலுள்ள எண்கள் ஆகியவற்றோடு ஒப்பிட்டே அதை மதிப்பிட வேண்டும். மலைப்பாதையில் தாழ் விகிதத்தில் ஊர்ந்த ஊர்தியின் பொறி, குறைந்த தூரத்திலேயே பல மணிநேரம் உழைத்திருக்கும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆவணங்களும் சட்டமும்

இயந்திரக் குறைகளைப் பணம் செலவிட்டுத் தீர்த்துவிடலாம். ஆவணக் குறைகளுள் சில எவ்வளவு செலவிட்டாலும் தீராதவை. இதனால் விலை பேசுமுன் ஆவணங்களைப் பார்ப்பது வழக்கம்.

பதிவுக் காலம்: இந்திய மோட்டார் ஊர்திகள் சட்டம் 1988 இன்படி, சொந்தப் பயன்பாட்டு ஊர்தியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதி ஆய்வுக்குப் பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். இலகுரகத் தானுந்துகளுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 20 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு இது 2025 ஆகத்தில் 10,000 ரூபாயாக்கப்பட்டது. தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் பழைய ஊர்திகளுக்குப் பசுமை வரியும் உண்டு.

எண்களின் பொருத்தம்: சட்டக எண்ணும் பொறி எண்ணும் பதிவுச் சான்றிலுள்ளவற்றோடு இலக்கத்துக்கு இலக்கம் ஒத்திருக்க வேண்டும். எண் பொறித்த இடத்தில் தேய்த்த தடமோ பற்றவைப்புத் தடமோ காணப்பட்டால், எவ்வளவு மலிவாயினும் அவ்வூர்தியைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. அது களவாடப்பட்டதாகவோ, இரு ஊர்திகளை ஒட்டி உருவாக்கியதாகவோ இருக்கலாம்.

கடன் பிணைப்பு: முந்தைய கடன் தீர்ந்திருந்தாலும் சான்றில் நிதி நிறுவனத்தின் பெயர் நீக்கப்படாமல் இருக்கலாம். நடுவண் அரசின் வாகன் தரவுத்தளத்தில் பதிவு, கடன், காப்பீடு பற்றிய விவரங்களைச் சரிபார்க்கலாம்.

பெயர் மாற்றம்: ஊர்தி கைமாறியதை விற்றவர் அதே மாநிலத்திற்குள் எனில் 14 நாள்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் எனச் சட்டத்தின் 50 ஆம் பிரிவு கூறுகிறது. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என உச்ச நீதிமன்றம் 2018 இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே, பெயர் மாற்றாமல் பல கைகள் மாறிய ஊர்தி, பதிவேட்டிலுள்ள முதல் உரிமையாளருக்கும் சிக்கல். அவருடைய கையொப்பத்தைத் தேடி அலைய வேண்டிய புதிய வாங்குபவருக்கும் சிக்கல்.

பிற மாநில ஊர்திகள்: தில்லியில் 10 ஆண்டைக் கடந்த டீசல் ஊர்திகளுக்கும் 15 ஆண்டைக் கடந்த பெட்ரோல் ஊர்திகளுக்கும் விதிக்கப்பட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2018 இல் உறுதிசெய்தது. இது குறித்து 2025 இலும் அந்நீதிமன்றம் ஆணைகளைப் பிறப்பித்தது. இத்தடையின் விளைவாக அப்பகுதி ஊர்திகள் பிற மாநிலங்களில் மலிவாக விற்கப்பட்டு வந்துள்ளன. மலிவு விலையோடு தடையின்மைச் சான்று, போக்குவரத்துச் செலவு, புதிய மாநிலத்தில் செலுத்த வேண்டிய சாலை வரி ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தாலே உண்மை விலை தெரியும்.

மாற்றம் செய்யப்பட்ட ஊர்திகள்

பழைய ஜீப்புகளில் பொறி மாற்றம், பெரிய டயர்கள், உயர்த்தப்பட்ட வில்பட்டைகள், இரும்புத் தடுப்புகள் முதலியன பரவலாகக் காணப்படுகின்றன. பழைய உதிரிகளைக் கொண்டு ஜீப்புகளை உருவாக்கித் தரும் பட்டறைகளுக்கு அரியானா மாநிலத்தின் மண்டி டப்வாலி பெயர்பெற்றது. இத்தகைய ஊர்தியின் விலையில் விற்பவர் தாம் செய்த செலவு முழுவதையும் சேர்த்துக் கேட்பது வழக்கம். ஆனால் செலவும் மதிப்பும் ஒன்றல்ல. ஒருவரின் விருப்பத்திற்கேற்ற மாற்றம் மற்றொருவருக்குத் தேவையற்றதாக இருக்கலாம்.

சட்ட நிலையும் இங்கு முக்கியமானது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி ஊர்தியை மாற்றக்கூடாது என்று 52 ஆம் பிரிவு கூறுகிறது. கேரளத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் இதை வலியுறுத்தியது. பதிவுச் சான்றில் ஏற்றப்படாத பொறி மாற்றம், பதிவைப் புதுப்பிக்கும் நாளில் ஊர்தியை முடக்கிவிடக்கூடும். எனவே சான்றில் ஏறாத மாற்றம் விலையைக் கூட்டுவதற்கன்றிக் குறைப்பதற்கே காரணமாகும்.

இராணுவ ஏலத்தில் கழிக்கப்பட்ட ஜிப்சி, ஜீப்பு முதலியனவும் சந்தையில் கிடைக்கின்றன. இவற்றில் ஏல விற்பனை ஆவணங்கள் முழுமையாக உள்ளனவா, குடிசார் பதிவு முறையாகச் செய்யப்பட்டுள்ளதா என்பவற்றை உறுதிசெய்த பின்னரே மதிப்பிட வேண்டும்.

உதிரிகளின் கிடைப்பு

உதிரிகள் எளிதில் கிடைக்கும் ஊர்தி, நிலையில் சற்றுத் தாழ்ந்ததாயினும் நல்ல விலை பெறும். மகிந்திரா ஜீப்பு வகைகளுக்கு இந்நற்பேறு உண்டு. சிற்றூர் மெக்கானிக்கும் அவற்றை அறிவார். மாறாக, குறைந்த எண்ணிக்கையில் விற்ற ஊர்திகள், இறக்குமதியானவை, நிறுவனம் விலகிச் சென்றவை ஆகியவற்றின் விலை வேகமாகச் சரியும். திருவள்ளூர் ஆலையில் இந்துசுதான் மோட்டார்சு பொருத்திய மிட்சுபிசி பசேரோ இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சென்னையை அடுத்த மறைமலை நகரில் உருவான ஃபோர்டு எண்டெவர் மற்றொன்று; இந்தியாவில் ஊர்தி உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. இவை சிறந்த ஊர்திகளே. எனினும் ஒரே ஒரு பாகத்துக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேரும் வாய்ப்பையும் வாங்குபவர் விலையில் கணக்கிட வேண்டியுள்ளது.

அருமை விலை

சில ஊர்திகளுக்குப் பயன்பாட்டு மதிப்பைக் கடந்து, அரிதாக இருப்பதால் ஏற்படும் மதிப்பும் உண்டு. மூலப் பொறி, மூலக் கூடு, மூலக் கருவிப் பலகை ஆகியன மாறாமல் உள்ள ஊர்திகளையே சேகரிப்பாளர்கள் நாடுகின்றனர். 2021 இல் இந்தியாவில் கொண்டுவரப்பட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த, பெரிதும் மாற்றப்படாத ஊர்திகளைப் பழம்பெரும் ஊர்திகளாகப் பதிவு செய்யலாம். அவ்வாறு பதிவானவற்றை அன்றாடப் பயன்பாட்டிற்கோ வணிகத்திற்கோ ஓட்ட இயலாது. ஆகவே ஏற்றிறக்கத்திற்கு ஊர்தி தேடுபவர் அருமை விலை கொடுப்பதில் பயனில்லை.

நியாய விலையைக் கணிக்கும் முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நியாய விலையைப் பின்வருமாறு கணிக்கலாம்.

நியாய விலை = ஒப்பீட்டு விலை − செப்பனிடும் செலவு − ஆவணச் செலவு − அறியாக் குறைகளுக்கான ஒதுக்கீடு

ஒப்பீட்டு விலை என்பது, அதே வகையும் ஏறத்தாழ அதே வயதும் கொண்டு, ஆவணங்கள் முறையாக உள்ள, வழக்கமான நிலையிலுள்ள ஊர்திகளின் முடிவு விலை. பல விளம்பரங்களைச் சேகரித்து, அவற்றைச் சராசரி எடுப்பதைவிட இடைநிலை விலையைக் கொள்வது நல்லது. மிக உயர்ந்த ஒரு கேட்பு விலை சராசரியைப் பிழையாக உயர்த்திவிடும்.

பின்வரும் எண்கள் முறையை விளக்குவதற்கான கற்பனை எண்களே. ஒரு பழைய டீசல் ஜீப்பை ஒருவர் 5,50,000 ரூபாய்க்கு விற்க முன்வருகிறார் எனக் கொள்வோம். ஒத்த ஐந்து ஊர்திகளின் கேட்பு விலைகள் 4,80,000, 5,00,000, 5,20,000, 5,50,000, 7,00,000 ரூபாய். இவற்றின் சராசரி 5,50,000, இடைநிலை 5,20,000. வழக்கமான பேரக் கழிவாக 20,000 நீக்கினால் ஒப்பீட்டு விலை 5,00,000 ரூபாய் ஆகிறது. ஆய்வில் கண்ட குறைகள்:

- தேய்ந்த டயர்கள்: 20,000 ரூபாய்
- முன் அச்சு மூட்டுத் தாங்கிகளும் மசகு அடைப்புகளும்: 18,000 ரூபாய்
- தாழ் விகிதத்தில் விடுபடும் டிரான்ஸ்பர் கேஸ்: 30,000 ரூபாய்
- சட்டகத்தில் ஓரிடத்தில் பற்றவைப்பு: 15,000 ரூபாய்
- பதிவுப் புதுப்பிப்பும் தகுதி ஆய்வுக்கான ஆயத்தமும்: 12,000 ரூபாய்

இவற்றின் கூடுதல் 95,000 ரூபாய். அறியாக் குறைகளுக்கு 25,000 ரூபாய் ஒதுக்கினால் நியாய விலை 3,80,000 ரூபாய் ஆகும். உருளை அழுத்தச் சோதனை முதலியவற்றால் ஐயம் முற்றிலும் நீங்கினால் ஒதுக்கீட்டை விட்டுக்கொடுத்து 4,05,000 ரூபாய் வரை செல்லலாம். விற்பவர் பதிவைத் தாமே புதுப்பித்துத் தந்தால், அதற்கெனக் கழித்த 12,000 ரூபாயைத் திரும்பக் கூட்ட வேண்டும்.

இக்கணக்கில் டயர்களுக்குப் புதிய டயர்களின் முழு விலையான 40,000 ரூபாய் கழிக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஒப்பீட்டு ஊர்திகளும் பாதி தேய்ந்த டயர்களுடன்தான் விற்கப்பட்டன. எனவே வழக்கமான நிலையிலிருந்து இவ்வூர்தி எவ்வளவு தாழ்ந்துள்ளதோ அவ்வளவே கழிக்கப்பட வேண்டும். இதை மறந்து எல்லாவற்றையும் புதிதாக மாற்றும் செலவைக் கழிப்பது விற்பவருக்கு இழைக்கும் அநீதி. அத்தகைய பேரம் பெரும்பாலும் முறிந்துவிடும்.

நான்கு சக்கர இயக்கமே செயல்படாத ஊர்தியை மதிப்பிடுவதற்குத் தனி விதி உண்டு. அதே வகையின் இருசக்கர இயக்க ஊர்தியைவிட இதன் விலை ஒரு இலட்சம் ரூபாய் கூடுதல் எனக் கொள்வோம். பழுதுநீக்க 60,000 ரூபாய் ஆகுமெனில் 60,000 ரூபாயைக் கழிக்கலாம். பழுதுநீக்கச் செலவு 1,40,000 ரூபாய் எனில், சந்தை ஒரு இலட்சம் மட்டுமே கழிக்கும். ஏனெனில் அதை இருசக்கர இயக்க ஊர்தியாகவே பயன்படுத்தும் ஒருவர் வாங்கிவிடுவார். அந்நிலையில் நான்கு சக்கர இயக்கம் தேவைப்படுபவர் அவ்வூர்தியை விட்டுவிடுவதே சரி.

விலை பேசுதல்

கணித்த விலை வாங்குபவருக்கு மேலெல்லை ஆகும். அதற்குச் சற்றுக் கீழிருந்து பேச்சைத் தொடங்குவது வழக்கம். குறைகளைப் பொதுவாகப் பழிப்பதைவிட, செலவுப் பட்டியலை எழுதிக் காட்டிப் பேசுவது இருவருக்கும் உதவும். தரகர் வழியாக வாங்கும்போது தரகுத் தொகை யாரைச் சேர்ந்தது என்பதை முன்னரே தெளிவுபடுத்த வேண்டும். முன்பணம் கொடுப்பின், ஆவணங்கள் சரியில்லையெனில் அது திருப்பித் தரப்படும் என்பதை எழுத்தில் பெறுதல் நன்று. இன்று மாலைக்குள் முடிக்காவிட்டால் வேறொருவர் வாங்கிவிடுவார் என்ற அவசரப்படுத்தல், ஆய்வைத் தவிர்ப்பதற்கான உத்தியாகவும் இருக்கலாம்.

மதிப்பீட்டின் எல்லைகள்

எந்த மதிப்பீடும் துல்லியமான ஒரே எண்ணைத் தருவதில்லை. ஒரு விலை வரம்பையே தருகிறது. மழைக்காலத்திற்கு முன்னர் மலைப்பகுதிகளில் தேவை கூடுதல், புதிய மாதிரி வெளியாதல், உமிழ்வு விதிகள் மாறுதல் ஆகியவற்றால் அவ்வரம்பும் நகரும். பயன்பாடும் மதிப்பை மாற்றுகிறது. வார இறுதியில் மட்டும் ஓட்டுபவர் பொறுத்துக்கொள்ளும் குறையை, நாள்தோறும் ஆட்களை ஏற்றி மலையேறுபவர் பொறுத்துக்கொள்ள இயலாது. அவருக்குத் தடுப்பிலும் திருப்பு அமைப்பிலும் சட்டகத்திலும் உள்ள குறைகள் கழித்துக்கொள்ளத்தக்க செலவுகள் அல்ல. ஊர்தியை ஓட்டத் தொடங்குமுன் தீர்க்கப்பட வேண்டியவை. அவற்றைத் தீர்க்கும் செலவையும் சேர்த்தபின் கைக்கு அடங்கும் விலையே அவருக்கு நியாய விலை ஆகும்.